நீலமலையின் சிறுமொழிகளும் தமிழர் கடன்பாடும்

(உதகமண்டலத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியைத் தமிழாராய்ச்சிக்கென ஒதுக்கிவைத்து, ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துத் தமிழைப் பற்றிப் பேசச் செய்யவேண்டும் என்று ஏற்பாடு செய்த பெருந்தகையின் நினைவுக்கு முதற்கண் என் வணக்கத்தைச் செலுத்துகிறேன். இத்தகைய மேடையில் தமிழல்லாத மொழிகளைப் பற்றிப் பேசுவது முறையாகுமா என்ற சந்தேகம் உங்களுள் சிலருக்குத் தோன்றக்கூடும். தாய்மொழியில் கல்வி வேண்டும், தாய்மொழிக்கு ஆட்சியில் இடம் வேண்டும், எண்ணிக்கையில் பெரிய மொழியொன்று வந்து நம் மொழியின் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது என்று சென்ற நூற்றாண்டு முழுவதும் வாதாடிய ஜனங்கள் நாம். அவ்வாதத்தின் நேர்மை, நம்மைவிடச் சிறிய மொழிகளிடம் நாம் நடந்துகொள்ளும் முறையிலேதான் சோதிக்கப்படுகிறது என்பது என் துணிபு. ஆகவே இன்றைய என் பிரசங்கமும் தமிழைப் பற்றியதே என்று கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மலையும் மொழிகளும்

பரப்பினால் சிறியதாகிய இந்த நீலகிரி மாவட்டத்தில் எத்தனை மொழிகள் வழங்கிவருகின்றன என்பதை உதகைக்கு வந்து தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்த்துத் திரும்பும் யாத்திரிகர்கள் அறிவதில்லை. மேட்டு நிலத்துப் புல்வெளிகளில் எருமை காத்து வாழும் தோடர். ஏழு ஊர்களில் குடியிருந்து, இரும்பும் மண்ணும் மரமும் கொண்டு தொழில் செய்து, இசைக்கும் பேர்போன கோத்தர். அட்டி என்னும் தம் ஊர்கள்தோறும் நிலம் திருத்திப் பயிரிட்ட படகர். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் வாழும் இருளர், ஆலுக் குறும்பர். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்த பேச்சுண்டு. தமிழ்நாட்டில் மிகவும் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள் என்று அரசினர் வகுத்துள்ள ஆறு சமூகத்தாரும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர் என்பதொன்றே இம்மலையின் விசேஷத்தைக் காட்டும்.

தோடர் நெய் கொடுத்தனர், கோத்தர் கருவியும் கலமும் கொடுத்தனர், படகர் தானியம் கொடுத்தனர், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுத்தனர். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தக் கொள்வினை கொடுப்பினையில் ஒருவர் பேச்சை மற்றவர் பள்ளிக்கூடமின்றியே கற்றுக்கொண்டனர். படகர் மொழி பொதுமொழியாய்ப் பயன்பட்ட காலத்திலும், அது கோத்தர் வீட்டிலோ தோடர் ஊராகிய மந்திலோ புகுந்து அங்கிருந்த மொழியை வெளியேற்றியதில்லை. பல மொழிகள் ஒரே மலையில் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

இந்தச் சமநிலை குலைந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819 ஆம் ஆண்டில் மலையேறி வந்தபின் நகரம் தோன்றிற்று. காப்பியும் தேயிலையும் வந்தன. சமவெளியிலிருந்து தொழிலாளர் வந்தனர். 1964 ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. இவர்களுள் யாரும் பிற மொழியை ஒடுக்கும் எண்ணத்தோடு வந்தவர்களல்லர். பெரும்பாலோர் தாமே துன்பப்பட்டு வந்தவர்கள். எனினும் பள்ளி, சந்தை, மருத்துவமனை, பஸ், தோட்டத்து ஆபீஸ், தொலைக்காட்சி யாவும் தமிழாகவோ ஆங்கிலமாகவோ அமைந்துவிட்டமையால், தோடர் மொழியும் கோத்தர் மொழியும் வீட்டுக்குள்ளே ஒடுங்கலாயின.

யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் வரைபடத் தொகுப்பு, தமிழ்நாட்டில் வழங்கும் தோடா, கோத்தா ஆகிய இரண்டையும் மிகக் கொடிய அபாயத்திலுள்ள மொழிகளின் வரிசையில் வைத்தது. தோடர் ஏறக்குறைய இரண்டாயிரவர். கோத்தர் அதனினும் குறைவு. பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகளை நம் மக்கள்தொகைக் கணக்கு தனியே பெயர் சொல்லி வெளியிடுவதில்லை. ‘பிற’ என்ற ஒரே தலைப்பில் அவை அடங்கிவிடுகின்றன. படகர் மொழியைக் கன்னடத்தின் கீழும், இருளர் மொழியைத் தமிழின் கீழும் அக்கணக்கு சேர்த்துவிடுகிறது. கணக்கில் பெயரில்லாத மொழிக்குப் பாடநூலோ ஆசிரியரோ கேட்பது எத்துணைக் கடினம் என்பதை நிர்வாகம் அறிந்தவர்கள் உணர்வார்கள்.

திருந்தா மொழிகளா?

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி நமக்கெல்லாம் பேருபகாரம் செய்த கால்டுவெல், 1875 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் தோடா மொழியையும் கோத்தா மொழியையும் திராவிடக் குடும்பத்தில் தக்க இடத்தில் வைத்தார். எனினும் அவற்றைத் திருந்திய மொழிகளின் வரிசையில் வைக்காமல், திருந்தாதவற்றின் வரிசையில் வைத்துவிட்டார். எழுத்து வழக்கில்லாமையும் அதற்கு ஒரு காரணம். நம் பாடப் புத்தகங்கள் அந்தப் பாகுபாட்டை நெடுங்காலம் ஆராயாமலே ஒப்புவித்துவந்தன.

திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் உதகையில் பள்ளி நடத்திய காலத்தில் தோடா மொழியில் கருத்துச் செலுத்தினார் என்பதையும், அவர் வரைந்த சுருக்க இலக்கணம் தோடரைப் பற்றி மார்ஷல் என்பவர் எழுதி 1873 இல் வெளிவந்த நூலில் சேர்ந்திருக்கிறது என்பதையும் தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் அறிவர்? போப்பைத் ‘தமிழ் மாணவர்’ என்று கொண்டாடும் நாம், அவர் தம் வாசலுக்கு வந்த தோடரின் பேச்சையும் இலக்கணமுடைய மொழியாகக் கருதினார் என்பதைச் சேர்த்துக் கொண்டாடுவதே முறை.

இம்மலைமொழிகளின் உள்ளே புகுந்து பார்ப்போருக்குத் திருத்தமின்மை எங்கும் புலப்படாது. தமிழர் பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலான இடங்களில் மங்கிவிட்டது. தோடர் நாவிலோ, பல்லின் அருகிலும், அதற்கு மேலும், நா வளைந்தும் பிறக்கும் மூவகை ரகரங்கள் பொருள் வேறுபாட்டோடு இன்றும் வழங்குகின்றன. உலக மொழிகளின் ஒலிகளை எல்லாம் ஆராய்ந்த பீட்டர் லடிஃபோகட், பெரி பாஸ்கரராவ் முதலானோருடன் சேர்ந்து இதனை நுணுகி ஆராய்ந்து எழுதினார். படகர் மொழியில் உயிரொலிகளே நா வளைந்தும் வளையாமலும் மூன்று நிலைகளில் ஒலித்ததை மொழியியலறிஞர் எமனோ 1939 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இத்தகைய உயிரொலிகள் உலகில் மிக அரியவை.

கவிதையை எடுத்துக்கொண்டால், தோடர் பாட்டு மூன்றசை கொண்ட சிறு தொடர்களால் ஆனது. ஒவ்வொரு தொடருக்கும் அதற்கு இணையான மறுதொடர் உண்டு. எருமை, மந்து, கோயில், திருமணம், சாவு ஆகிய ஒவ்வொரு பொருளுக்கும் எத்தொடரோடு எத்தொடர் இணையும் என்பது மரபில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரையறைக்குள் நின்று, கண்முன் நிகழும் எதனையும் அந்தக் கணமே பாட்டாக்கிவிடும் ஆற்றல் ஒருசில புலவர்க்கு மட்டும் உரியதாயிராமல், அச்சமூகத்தின் ஆண் பெண் பலருக்கும் பொதுவாயிருந்தது. சீரும் தொடையும் வகுத்துக் கவிசெய்வதைக் கல்வியின் சிகரமாகக் கருதிய பரம்பரையில் வந்த நாம், எழுத்தறியாத ஒரு சமூகம் முழுவதும் யாப்பறிந்திருந்தது என்று கேட்கும்போது, ‘திருந்தாத’ என்ற அடைமொழியை வெட்கத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

சுல்லியும் எமனோவும்

இம்மொழிகளை ஏட்டில் ஏற்றிய முயற்சிகளுள் தலையாயது கனடா நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் மொழியியலறிஞர் எட்வர்ட் சபீரிடம் பயின்ற எம். பி. எமனோவின் முயற்சி. அவர் 1935 இல் இந்தியாவுக்கு வந்து, மூன்றாண்டுகள் தங்கி, தோடா, கோத்தா, படகா ஆகியவற்றைப் பேசுவோரிடமே கேட்டு எழுதினார். அவருக்குக் கோத்தர் மொழியைக் கற்பித்தவர் சுல்லி என்னும் கோத்தர். கோத்தர் பழங்கதைகளையும், தம் ஊர் நிகழ்ச்சிகளையும், தம் வாழ்க்கையையும் சுல்லி வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே வர, எமனோ ஒவ்வொரு ஒலியையும் குறித்து, ஒவ்வொரு சொல்லையும் பொருள் கேட்டு எழுதிக்கொண்டே சென்றார். அவையே ‘கோத்தா உரைத்தொகுதிகள்’ என்று 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டன. தோடர் பாடல்கள் 1971 இல் ஏறத்தாழ ஆயிரம் பக்க நூலாயின. தோடா இலக்கணம் 1984 இல் வந்தது. பரோ என்னும் அறிஞருடன் சேர்ந்து எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961 இல் வெளிவந்தது.

சுல்லியைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். அவருடைய வரலாற்றை மானிடவியலார் டேவிட் மண்டேல்பாம் தனியே ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார். பள்ளி சென்று ஆங்கிலம் கற்று, ஆசிரியராக இருந்து, தம் இனத்தாரின் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முனைந்து, அதனால் ஊராரின் சினத்துக்கும் ஆளானவர் அவர். அந்தச் சீர்திருத்தக்காரரே தம் மக்களின் கதைச் செல்வம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்து, ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தார். பழமையை விட்டால்தான் முன்னேற்றம், முன்னேறினால் மொழி போய்விடும் என்று இருதரப்பினரும் சொல்லும் வாதத்துக்குச் சுல்லியின் வாழ்க்கையே போதிய மறுப்பு.

எமனோவுக்குப் பின்னும் இப்பணி நின்றுவிடவில்லை. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர்கள் 1970களில் தோடா, இருளா முதலியவற்றுக்கு இலக்கணங்கள் வரைந்தனர். தமிழ் இலக்கிய வரலாறெழுதிய செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் இருளர் மொழியில் பல்லாண்டு உழைத்தார். ஹாக்கிங்ஸ், பிலோ-ரெய்ச்சூர் என்னும் ஆய்வாளர் இருவரும் சேர்ந்து செய்த படகர் அகராதி 1992 இல் வந்தது. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் சிறுமொழிகளைப் பதிவு செய்யும் திட்டமொன்றை நடத்திவருகிறது. தமிழ்நாட்டரசும் 2024 ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர் முதலானோரின் மொழிகளை ஆவணப்படுத்த நிதி ஒதுக்கியது. இவையெல்லாம் போற்றத்தக்கவை.

ஏடும் நாவும்

ஆயினும் ஏட்டில் ஏறியதனாலேயே ஒரு மொழி காப்பாற்றப்பட்டதாக நாம் திருப்தியடைந்துவிடலாகாது. சுல்லி சொன்ன கதைகள் உரோமன் எழுத்தில், மொழியியலாருக்கே விளங்கும் நுண்குறிகளுடன், ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகியிருக்கின்றன. அவருடைய ஊர்ப் பிள்ளை ஒன்று அந்நூலைக் கையில் எடுத்தால் தன் பாட்டனின் குரலை அதிலிருந்து மீட்டுக்கொள்ள முடியாது. ஆராய்ச்சியாளனுக்கு ஏடு போதும். குழந்தைக்கு நாவு வேண்டும்.

அக்குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். தோடர் மந்தில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை மந்தையின் ஒவ்வோர் எருமையையும் பெயர் சொல்லி அழைக்கும். எந்த ஓடையில் எப்பொழுது நீர் வற்றும், எந்தப் பூ மலர்ந்தால் எந்தச் சடங்கு வரும் என்பதைப் பெரியோர் பேசக் கேட்டு அறிந்திருக்கும். அந்தப் பிள்ளை முதல் வகுப்பில் உட்கார்ந்த நாள் முதல், ஆசிரியர் சொல்வது அதற்கு விளங்குவதில்லை. அது சொல்வது ஆசிரியருக்கு விளங்குவதில்லை. விளங்காமல் மௌனமாயிருக்கும் பிள்ளையை மந்த புத்தியுடையது என்று ஏடு எழுதிவிடுகிறோம். தொலைவிலுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக நல்லெண்ணத்தோடு ஏற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகளோ, சோறும் துணியும் கல்வியும் தருகின்றபோதே, பாட்டியின் பக்கத்திலிருந்து ஆறு வயதில் பிள்ளையைப் பிரித்துக்கொள்கின்றன. பத்தாண்டு கழித்துத் திரும்பும் பிள்ளைக்குப் பேச்சு இருக்கும்; பாட்டும் கதையும் சடங்குச் சொல்லும் இரா.

நிலமும் இதில் சேர்ந்தது. புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டு மேய்ச்சல் நிலம் சுருங்க, எருமை மந்தைகள் குறைந்தன. மந்தைகள் குறைய, அவற்றைப் பற்றிய சொல்லும் பாட்டும் பயன்படும் சந்தர்ப்பங்கள் அருகின. தேன் எடுக்கக் காட்டுக்குள் போகாத காட்டுநாயக்கப் பிள்ளைக்குத் தேனீயின் வகைகளைக் குறிக்கும் சொற்களைப் பள்ளியறையில் கற்பிப்பது எங்ஙனம்? 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை உண்மையாக நடைமுறைப்படுத்துவதும் மொழிச் சம்ரட்சணையின் ஒரு கூறே என்று நான் கருதுகிறேன்.

பெற்றோர்களின் கவலையையும் அலட்சியம் செய்யலாகாது. தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால்தான் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆனால் வீட்டு மொழியில் அடித்தளம் இட்ட பிள்ளை பின்னர் கற்கும் மொழியை விரைவிலும் செம்மையாகவும் பற்றிக்கொள்ளும் என்பது பல நாடுகளில் கல்வியாளர் கண்ட அனுபவம். ஒரு மொழியைக் கற்க மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்பது, பல மொழிகளை இயல்பாகப் பேசிவந்த இம்மலையின் மூத்த தலைமுறைக்கு யாரும் சொல்லாத நியதி.

பிறர் செய்துகாட்டியவை

நியூசிலாந்தில் மவோரி மக்கள், இளைஞரிடையே தம் மொழி மறைவதைக் கண்டு, 1982 இல் ‘மொழிக் கூடு’ என்னும் பொருளுடைய மழலையர் நிலையங்களைத் தொடங்கினர். மொழியறிந்த பாட்டன் பாட்டிமாரே அங்கு ஆசிரியர்; மவோரி மொழி தவிர வேறு பேச்சு அங்கில்லை. ஹவாய்த் தீவினர் 1984 இல் அதனைப் பின்பற்றினர். கலிபோர்னியாவில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது: நீலகிரியிலிருந்து திரும்பிய எமனோ, மேரி ஹாஸ் என்பவரோடு சேர்ந்து பெர்க்கிலியில் அந்நாட்டுப் பழங்குடி மொழிகளின் ஆய்வகத்தை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். அங்கு சேர்ந்த குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும், பேசுவோரை இழந்துவிட்ட சமூகங்களின் பேரப் பிள்ளைகள் பிற்காலத்தில் எடுத்துப் படித்துத் தம் மொழியை மீண்டும் பேசத் தொடங்கினர். 1992 முதல் ஒரு முதியவரும் ஓர் இளைஞரும் இணையாய் இருந்து அன்றாட வேலைகளிடையே மொழி பயிலும் குரு – சீட முறையும் அங்கு ஏற்பட்டது. எமனோவின் ஏடுகளிலிருந்து கோத்தர் பிள்ளைகளும் அவ்வண்ணம் பயன்பெற ஏன் வழி செய்யலாகாது?

நம் நாட்டிலேயே ஆந்திரம் 2004 ஆம் ஆண்டையொட்டி எட்டுப் பழங்குடி மொழிகளிலும், ஒடிசா 2006–07 முதல் பத்து மொழிகளிலும் தொடக்கக் கல்வியைத் தொடங்கின. அரசியலமைப்பின் 350-அ விதி, தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குரிய வசதியைச் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தர முயலும்படி ஒவ்வொரு மாநிலத்தையும் பணிக்கிறது. நம் மாவட்டத்திலும் கூடலூரில் வித்யோதயா பள்ளி பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே நடந்துவருகிறது. கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியால் மலைமொழிகள் சமுதாய வானொலியில் ஒலிக்கின்றன. விதை இருக்கிறது, அதற்குப் பரவலான நிலத்தைக் கொடுப்பதே மீதியுள்ள வேலை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அங்கன்வாடிகளிலும் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களிலும், அந்தந்தச் சமூகத்துப் பாட்டிமாரைச் சம்பளத்தோடு நியமிக்கவேண்டும். 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர் பலர் வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகம் நடத்துவதை முதலாளியின் கடமையாக்கியது. இருளர், குறும்பர், பணியர் பெண்கள் கொழுந்து பறிக்கும் தோட்டங்களில் அந்தக் காப்பகங்களையே மொழிக் கூடுகளாக்கினால், புதிய கட்டடம் ஒன்றுகூட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, முதல் இரண்டு வகுப்புகளில் வீட்டு மொழியும் தமிழும் சேர்ந்தே நடக்கவேண்டும். எழுத்தில்லையே என்று தயங்கவேண்டாம். தமிழெழுத்தோடு சில குறிகளைச் சேர்த்துக்கொண்டு அச்சிட்டால் பிள்ளைக்கு ஒரே முயற்சியில் இரண்டு பயன் கிடைக்கும். தமக்கெனத் தனி எழுத்து வகுத்துக்கொள்ளச் சமூகத்தார் விரும்பினால் அதுவும் அவர்கள் உரிமை.

மூன்றாவதாக, ஆக்ஸ்ஃபோர்டிலும் பெர்க்கிலியிலும் அச்சாகிய பாடல்களும் கதைகளும் அவற்றுக்குரிய மக்களிடம் அவர்கள் படிக்கத்தக்க வடிவில் திரும்பி வரவேண்டும். முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடி ஆய்வு மையமும் நம் பல்கலைக்கழகங்களும் அப்பணியை ஏற்கலாம். புனிதச் சடங்குக்குரியவற்றை வெளியிடுவதா வேண்டாமா என்பதில் அவர்களுடைய சொல்லே முடிவாக வேண்டும்.

நான்காவதாக, இச்சமூகங்களில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு ஆசிரியப் பயிற்சியும், அதே ஊரில் வேலையும் தரவேண்டும். வெளியிலிருந்து வரும் ஆசிரியர் ஓராண்டேனும் அந்த மொழியைப் பயில்வதை நியமனத்தின் ஒரு நிபந்தனையாக்கலாம். போப் கற்றார், எமனோ கற்றார், சம்பளம் பெற்றுக்கொண்டு நாம் கற்பதில் என்ன குறைவு வந்துவிடும்?

முடிவுரை

2022 முதல் 2032 வரையுள்ள பத்தாண்டைப் பூர்வகுடி மொழிகளின் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோடர் மந்துகளிலும் கோத்தர் ஊர்களிலும் மொழியின் முழு வளத்தையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கற்பித்தல் தொடங்கவேண்டும். அவர்களுக்குப் பின் நாம் எழுப்பும் காட்சிசாலையால் பயனில்லை.

மொழி எப்படி வாழவேண்டும், எந்த எழுத்தில் எழுதப்படவேண்டும், எதைக் கற்பிக்கவேண்டும் என்பனவெல்லாம் அம்மொழியினரே தீர்மானிக்கவேண்டியவை. வகுப்பறைக் கதவைத் திறப்பதும், நிதியைத் தருவதும், மேட்டிமையை விடுவதும் பெரும்பான்மையோராகிய தமிழர் செய்யவேண்டியவை. இவ்வவையிலுள்ள ஆசிரிய நண்பர்களை நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: வரும் கல்வியாண்டில் உங்கள் முதல் வகுப்பில் வந்து அமரும் மலைப் பிள்ளையிடம் அதன் மொழியில் பத்துச் சொற்களைக் கேட்டுக் கற்று, அவற்றை வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுங்கள். அரசாணைக்குக் காத்திராமல் நாளையே தொடங்கத்தக்க காரியம் அது. தன் மொழிக்கும் இந்தப் பள்ளியில் மரியாதை உண்டு என்று அப்பிள்ளை அறிந்துகொண்டால், பிற சீர்திருத்தங்களுக்கு அதுவே அஸ்திவாரமாகும்.